எதை அள்ளுவது, எதை விடுவது: அட்டிகா மலைச்சரிவில் ஒரு சித்திரை மாதம்



ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "ஏதென்ஸ் போய் அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தீங்களே, ஒரு பதிவுகூடக் காணோமே டீச்சர்" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அக்ரோபோலிஸ் படங்களை மகள் ஏற்கெனவே போட்டுவிட்டாள். பெரிக்ளிஸைப் பற்றி நான் வகுப்பில் நடத்தியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் (மறந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்). அதனால் இன்று வேறொன்றைப் பற்றி எழுதுகிறேன். குப்பை. காய்ந்த புல், சருகு, சுள்ளி, இவற்றின் வரலாறு. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். இதில் எம்டன் கப்பல் வருகிறது, நம் தஞ்சாவூர் வருகிறது, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஒரு தீயும் வருகிறது.

மகளும் மருமகனும் குடியிருப்பது ஏதென்ஸ் நகரத்துக்குள் இல்லை. ஹிமெத்தோஸ் மலைக்கு அந்தப் பக்கம், பேயானியா என்ற ஊரை ஒட்டிய சரிவில் ஒரு வாடகை வீடு. வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார் என்று சொல்வோமே டெமாஸ்தனீஸ், அவருடைய ஊர் இதுதான். அங்கே நடந்து பார்த்தபோது அவர் கூழாங்கல்லுக்கு ரொம்ப தூரம் தேடியிருக்க மாட்டார் என்று தோன்றியது. எங்கே காலை வைத்தாலும் கல்.

நான் போனது தை மாதம். கிளம்பும்போது இங்கே எல்லோரும் "ஐரோப்பாவில் குளிர்காலம், மரமெல்லாம் மொட்டையாக இருக்கும்" என்றீர்கள். போய்ப் பார்த்தால் மலை பச்சைப் பசேல். மத்திய தரைக்கடல் நாடுகளின் பருவத்தைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தேன், "குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி" என்று. அதன் பொருள் அங்கே போய்த்தான் புரிந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அங்கே மண் விழித்துக்கொள்கிறது. மாசி, பங்குனியில் பூக்கள். வைகாசிக்குள் எல்லாம் விதை போட்டுவிட்டு உறங்கப் போய்விடும். ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் செத்த மாதங்கள். ஏதென்ஸில் ஓர் ஆண்டு மழையே சுமார் 400 மில்லிமீட்டர்தான். நம் தஞ்சாவூரில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. செடி தூங்குகிற காலம் அவர்களுக்குக் கோடைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒருநாள் காலை விடிந்ததும் நாலாபக்கமும் பிரஷ் கட்டர் சத்தம். கிரீஸில் மே 1 முதல் அக்டோபர் 31 வரை தீக்காலம். அது தொடங்குவதற்குள் ஒவ்வொருவரும் தம் மனையில் உள்ள காய்ந்த புல் பூண்டை அகற்றிவிட வேண்டும், அகற்றியதாக இணையத்தில் பதிவும் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களை அனுப்பினார். அவர்கள் இடுப்பளவு புல்லை ஒட்ட வெட்டி, வாரி, கறுப்புப் பைகளில் அடைக்க ஆரம்பித்தார்கள். அப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைத் தாண்டி வந்து சத்தம் போட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். மகள் அவரை "பப்பூ" என்று கூப்பிடுவாள், அந்த ஊர் மொழியில் தாத்தா. அவர் என்னைப் பார்த்தும் ஏதோ கேட்டார்.

"என்னம்மா சொல்றார்?" என்றேன்.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டா இந்த வாதுமை மரம் கோடை முழுக்க எதைப் போர்த்திக்கும்னு கேக்கிறார்மா."

வந்த ஆட்களோ சட்டத்தைச் சொன்னார்கள். அள்ளாமல் விட்டால் ஜூலையில் ஒரு பொறி போதும், வீடு போய்விடும் என்றார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரி. நீதிபதியாக இருந்திருந்தால் திண்டாடியிருப்பேன்.

அந்தச் சண்டை புதியதில்லை. குறைந்தது இரண்டாயிரத்து முந்நூறு வருடச் சண்டை.

அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு அவருடைய பள்ளியை நடத்தியவர் தியோஃப்ராஸ்டஸ். தாவரவியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவோமே, அவர்தான். செடிகளை அவர் மரம், புதர், குறும்புதர், பூண்டு என்று நான்காகப் பிரித்தார். குறும்புதருக்கு அவர் வைத்த சொல் 'ஃப்ரீகனான்'. இன்றைக்கும் அட்டிகா மலைச்சரிவில் முழங்கால் உயரத்துக்கு முள்ளும் மணமுமாகப் படர்ந்து கிடக்கும் செடிக்கூட்டத்துக்கு 'ஃப்ரீகனா' என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் என்ன தெரியுமா? காய்ந்த சுள்ளி. வறுப்பது, பொரிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. அதாவது ஒரு முழுத் தாவர வகைக்கே அந்த மக்கள் வைத்த பெயர் 'அடுப்பெரிக்கிற சாமான்'. பேர் வைத்தவர்கள் அதை வெட்டி எடுத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள் என்று அதிலிருந்தே தெரிகிறதல்லவா? ரொட்டிச் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் சமையலுக்கும் அதுதான் விறகு. நம் பக்கத்தில் காவிரிக் கரையில் சுள்ளி பொறுக்கப் போன பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விறகு போக மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் யூபொலிஸ் என்ற நாடகக்காரர் ஆடுகளையே பாடகர் குழுவாக மேடையேற்றி, தாங்கள் தின்னும் தழைகளை வரிசையாக ஒப்பிக்க வைத்தார். அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 425இல் அரங்கேற்றிய 'அகார்னியர்கள்' நாடகத்தில் பாடகர் குழுவே கரி சுடுகிறவர்கள்தான். ஏதென்ஸுக்கு வடக்கே மலையில் மரம் வெட்டிக் கரியாக்கி நகரத்துக்கு விற்றவர்கள். ஆக, தத்துவம் பேசிய அந்த நகரத்தைச் சுற்றியிருந்த மலையை வருடம் முழுக்கக் கத்தியும் ஆட்டு வாயும் சுத்தம் செய்துகொண்டே இருந்தன. சட்டமும் அபராதமும் அதற்குத் தேவைப்படவில்லை.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. பிளேட்டோ தன் 'கிரிட்டியாஸ்' நூலில் அட்டிகாவின் மலைகளை நோயில் இளைத்து எலும்பு துருத்திய உடம்போடு ஒப்பிட்டார். வளமான மண் மழையில் கரைந்து கடலுக்குப் போய்விட்டது என்பது அவர் வருத்தம். இதை வைத்துக்கொண்டு "கிரேக்கர்கள் காட்டை அழித்துப் பாலைவனம் ஆக்கினார்கள்" என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஆலிவர் ராக்கம், குரோவ் என்ற இரண்டு அறிஞர்கள் 2001இல் வெளியிட்ட பெரிய நூலில், மத்திய தரைக்கடல் நிலம் அப்படி ஒன்றும் பாழாகிவிடவில்லை, வெட்டுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் பழகிப்போன செடிகள் அவை என்று வாதாடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அங்கே பச்சை குறையவில்லை, கூடியது. ஜனங்கள் கிராமத்தை விட்டுப் போனதால்தான் கூடியது. அதனால்தான் தீயும் பெரிதாகிறது என்றார்கள். நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்த ஒன்றை இந்த வயதில் மாற்றிக்கொள்வது லேசாக இல்லை. ஆனால் பப்பூவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்தபோது ராக்கம் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. பப்பூ சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் சரிவில் ஆடு மேய்ந்ததாம், விறகு வெட்டப் பெண்கள் போவார்களாம். இப்போது கேஸ் அடுப்பு. ஆடு இல்லை, விறகு வெட்ட ஆளில்லை. சுள்ளி மட்டும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இனி மறுபக்கம். அள்ளுவதைப் பற்றிச் சொன்னேன், மூடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டவர்களுக்கு 'மூடாக்கு' என்ற சொல் பழக்கமானது. மண்ணை வெயிலில் அம்மணமாக விடாமல் இலை தழையால் மூடி வைப்பது. அந்த நாட்டில் பழங்காலத்தில் இந்த வேலையை எதனால் செய்தார்கள் என்று தேடியபோது எனக்கு ஆச்சரியம். சருகால் குறைவு. கல்லாலும் புழுதியாலும்தான் அதிகம்.

மெகாரா என்ற ஊர் ஏதென்ஸுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில், வெள்ளரியும் சுரையும் போட்டவர்கள் மண்ணைக் கொத்திப் புழுதி கிளப்புவார்கள், தண்ணீர் ஊற்றாமலேயே காய் இனிப்பாகவும் இளசாகவும் வரும் என்று தியோஃப்ராஸ்டஸ் எழுதி வைத்திருக்கிறார். மேல்மண்ணை உதிர்த்துவிட்டால் அடியிலிருந்து ஈரம் ஏறிவரும் நுண்வழிகள் அறுந்துபோகும். காய்ந்த புழுதியே போர்வை. மண்ணை மண்ணாலேயே மூடுவது. நம் வள்ளுவரின் உழவு அதிகாரத்தில் புழுதியைப் பற்றி ஒரு குறள் வரும். எந்தக் குறள் என்று நான் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் யார் முதலில் எழுதுகிறீர்கள் பார்ப்போம்.

அடுத்தது என் மனதை விட்டுப் போகாத கதை. ரோமானிய அறிஞர் பிளினி சொன்னது. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் செத்துப்போனாரே, அவர். சிசிலித் தீவில் சிராக்யூஸ் பக்கம் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவன் நிலம் வாங்கினான். நிலமெல்லாம் கல். உழவன் என்றால் கல் பொறுக்க வேண்டாமா? மெனக்கெட்டு அத்தனை கல்லையும் பொறுக்கி அப்புறப்படுத்தினான். நிலம் சேறாகிப் பயிர் போய்விட்டது. கடைசியில் அந்தக் கல்லையெல்லாம் திரும்பச் சுமந்துவந்து நிலத்திலேயே போட்டானாம்.

கல்லைச் சுமந்தவன் வெளியூர்க்காரன் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்க்காரன் அந்தக் கல்லைத் தொட்டிருக்க மாட்டான். மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் தடுப்பது கல், வெயிலில் நிழல் தருவது கல், ஈரத்தைப் பிடித்து வைப்பதும் கல் என்பது அவனுக்கு அப்பன் சொல்லிக்கொடுத்திருக்கும்.

சருகு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். கிழவர் கேட்டோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ரோமானியர், தன் வேளாண்மை நூலில் பதில் வைத்திருக்கிறார். வைக்கோல், உமி, அவரைத் தட்டை, லூப்பின் தட்டை, ஓக் மர இலை எல்லாவற்றையும் சேர்த்து எருவாக்கச் சொல்கிறார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கீழே படுக்கையாகவும் இலையைப் பரப்பச் சொல்கிறார். அதாவது சருகு நேராக மண்ணுக்குப் போகவில்லை. கொட்டில் வழியாகச் சுற்றிக்கொண்டு, சாணியும் மூத்திரமும் ஏறி, எருவாகப் போயிற்று. தீப்பிடிக்கிற பொருளைத் தீப்பிடிக்காத பொருளாக மாற்றும் வேலையை மாடு செய்தது. நம் வீட்டுக் கொல்லையில் நடந்ததும் அதுதானே. கொட்டில் போனதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. சருகுக்கு இப்போது போக்கிடம் இரண்டே: குப்பைப் பை, அல்லது நெருப்பு.

இங்கேதான் தஞ்சாவூர் வருகிறது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும். இன்னமும் கெட்டிக்காரப் பயலை 'சரியான எம்டன்' என்கிறோம். அதே எம்டன், அடுத்த சில வாரங்களில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வாழ்நாள் சேகரிப்பு இருந்தது. நகரங்களைப் பற்றிய வரைபடங்கள், படங்கள், ஒரு முழுக் கண்காட்சி. சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் அதை இங்கே காட்டத்தான் அவர் கிளம்பியிருந்தார். எல்லாம் கடலுக்குள் போயிற்று. நண்பர்கள் ஊர் ஊராகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது.

கெடிஸ் அடிப்படையில் தாவரவியல் பேராசிரியர். 1888 முதல் டண்டீயில் அதைத்தான் கற்பித்துவந்தார். உலகத்தில் நாம் எல்லோரும் இலையால்தான் வாழ்கிறோம், காசால் அல்ல என்பது அவர் கட்சி. கண்காட்சி முடிந்ததும் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அதில் மதுரையும் தஞ்சாவூரும் உண்டு. தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கடியான பகுதியைச் 'சுத்தம்' செய்ய, வீடுகளை இடித்து நேர்கோட்டில் அகலத் தெருக்கள் போடும் திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்துவிட்டு அது வேண்டாம் என்றார். இடிந்து பாழாய்க் கிடக்கும் வீடுகளை மட்டும் எடுங்கள், ஒரு மூலையைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், கிடைக்கும் வெற்றிடத்தில் மரம் வையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்றார். செலவும் குறைவு, யாரையும் தெருவில் நிறுத்தவும் வேண்டாம். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'காக்கும் அறுவைச் சிகிச்சை' என்று சொல்லலாம். தோட்டக்காரன் கவாத்து செய்வதைப் போன்ற வேலை. இந்தியாவில் பத்தாண்டு போல இருந்துவிட்டுக் கடைசிக் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடமும் ஒரு மத்திய தரைக்கடல் மலைச்சரிவுதான். பிரான்ஸின் தெற்கே மோன்பெலியேவில், வறண்ட கல்மேட்டில் ஒரு கல்லூரியும் தோட்டமும் கட்டினார். 1932இல் அங்கேயே காலமானார்.

அவருடைய இந்திய அறிக்கைகள் தூசி படிந்து கிடந்தன. 1947இல் அவற்றைத் தொகுத்து 'இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்' என்று புத்தகமாக்கியவர் ஜாக்குலின் டிர்விட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. நகரத் திட்ட வல்லுநர். 1954இல் தில்லியில் ஐ.நா. நடத்திய வீட்டுவசதிக் கருத்தரங்கைப் பொறுப்பேற்று நடத்தி, ஒரு மாதிரிக் கிராம மையத்தையும் அங்கே கட்டிக் காட்டியவர். பிறகு ஹார்வர்டில் பேராசிரியை. அவர் ஓய்வுக் காலத்துக்கு வீடு கட்டிக்கொண்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பேயானியா. மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் சரிவு. அந்த இடத்துக்கு ஸ்பரோசா என்று பெயர். நம் ஊர்ச் சந்துகளைப் பற்றிய எழுத்தைத் தூசி தட்டிப் பதிப்பித்த அதே கை, அந்தக் கல்மலையில் செடி நட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகளை எழுப்பிச் சொன்னேன், "காலையில பேசிக்கலாம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிர்விட் 1983இல் அங்கேயே இறந்தார். அவருடைய தோட்டக் குறிப்புகள் 1998இல் 'ஒரு கிரேக்க மலைச்சரிவில் தோட்டம் அமைத்தல்' என்ற பொருளில் புத்தகமாக வந்தன. 1994இல் மத்திய தரைக்கடல் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டதும் அதே தோட்டத்தில்தான். தோட்டத்தை நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் அங்கே கொண்டுவந்த மாற்றம் ஒன்று. அதுவரை வசதியானவர்கள் இங்கிலாந்துப் புல்வெளியை அங்கே விரித்து, ஆடி மாதம் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அந்த மலையின் செடிகளையே தோட்டத்துக்குள் அழைத்தார்கள், கோடையில் தூங்குகிறதைத் தூங்கவிட்டார்கள். அப்படி விடும்போதுதான் பப்பூவின் கேள்வி வருகிறது. காய்ந்ததில் எதை அள்ளுவது, எதை விடுவது?

பப்பூ படித்தவரில்லை. ஆனால் அந்தச் சித்திரை முழுவதும் எனக்கு அவர்தான் வாத்தியார். மகள் மொழிபெயர்ப்பாளர், பாதி நேரம் கை ஜாடை. (அந்த மொழியில் 'நே' என்றால் 'ஆமாம்'. நான் 'இல்லை' என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அவரோடு சண்டை போட்டேன்.)

முதல் பாடம் நாள் பார்ப்பது. புல்லை ரொம்ப முன்னால் வெட்டினால் பாப்பியும் மற்ற பூச்செடிகளும் விதை உதிர்த்திருக்காது, அடுத்த வருடம் பூ கிடையாது. ரொம்பப் பிந்தினால் புல்விதையும் உதிர்ந்துவிடும், காய்ந்த புல் எரிபொருளாகவும் ஆகிவிடும். இடையில் இரண்டு வாரம்தான். விதைக்கூட்டைக் கையால் உடைத்துப் பார்த்து அவர் நாள் குறிப்பார். மஞ்சள் பூப்பூக்கும் ஒரு களை மட்டும் விதிவிலக்கு. நம் புளியாரைக்கு அண்ணன் போல இருக்கும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அந்தக் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. மண்ணுக்குள் குமிழ் குமிழாகக் கிழங்கு. வெட்டினாலும் சாகாது, மூடினாலும் சாகாது. அதை மாசியிலேயே ஈர மண்ணில் கையால் பிடுங்க வேண்டும், அப்போதும் பாதிதான் வரும். (டிர்விட் பிறந்ததும் தென்னாப்பிரிக்காவில்தான். அவர் அதைத் திட்டியிருப்பாரா, ஊர்க்காரி என்று விட்டிருப்பாரா தெரியாது.)

இரண்டாவது, மூடாக்கை ஈரம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். நம் ஆட்கள் பலர் வெயில் ஏறிய பிறகு, மண் பாளம் பாளமாக வெடித்த பிறகு சருகைக் கொட்டுவார்கள். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் பூட்டி வைத்ததாகும். அப்புறம் விழும் சின்ன மழையைச் சருகே குடித்துவிடும், வேருக்கு ஒரு சொட்டு போகாது. அடிமரத்தை ஒட்டியும் குவிக்கக் கூடாது, பட்டை அழுகிவிடும்.

மூன்றாவதுதான் அந்தச் சண்டைக்குப் பதில். வெட்டிய புல்லை எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடத்தாதே என்றார். வீட்டுச் சுவரை ஒட்டிச் சில அடிக்கு எரிகிற பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அங்கே சரளைக்கல் மட்டும்தான் மூடாக்கு. லாவெண்டர், தைம் போன்ற மலைச் செடிகளுக்கும் கல்தான் பிடிக்கும், சருகின் ஈரம் ஆகாது. அதைத் தாண்டி, ஒட்ட வெட்டிய வெறும் தரை. அதற்கும் அப்பால் வாதுமை, ஆலிவ் மரங்களுக்கு அடியில், பொடிப்பொடியாக நறுக்கிய புல்லும் கவாத்துத் துண்டும், மண்ணோடு படிந்து கிடக்கும்படி. நீளமாக, உப்பலாகக் கிடந்தால் உள்ளே காற்று ஓடும், தீ பிடிக்கும். நறுக்கிப் படியவைத்தால் மெல்ல மக்கும். கீழ்க்கிளைகளையும் கழித்துவிட வேண்டும், தரையில் ஓடும் தீ மரத்தில் ஏறாமலிருக்க. பைன் ஊசிச் சருகை வீட்டுப் பக்கம் வைக்கவே விடமாட்டார்.

கேட்டோவின் கொட்டில் இல்லாத காலத்தில், மாடு செய்த வேலையைக் கத்தியும் கல்லும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. வந்த ஆட்கள் அவர் சொன்னதைக் கேட்டுப் பைகளில் பாதியைத் திரும்ப அவிழ்த்தார்கள். மீதிப் பாதியைக் கொண்டுபோனார்கள். அதுவும் சரிதான். வீட்டுக்குப் பின்னால் பாறைச் சரிவிலிருந்த முட்புதரை விட்டுவைக்க வேண்டும் என்று பப்பூகூடச் சொல்லவில்லை.

ஏன் என்று அந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018 ஜூலை 23. அவர்கள் வீட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்தில் மாட்டி என்ற கடற்கரை ஊர். பென்டெலி மலையில் பிற்பகலில் பிடித்த தீயை மேற்கிலிருந்து வீசிய சூறைக்காற்று அன்று மாலைக்குள் கடல்வரை ஓட்டிவந்தது. பைன் மரங்களுக்கு நடுவே நெருக்கமாகக் கட்டிய வீடுகள், கடலுக்குப் போக வழி தெரியாத குறுகலான சந்துகள். 104 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் இன்னொரு தீ ஏதென்ஸின் புறநகர் வீடுகள்வரை வந்தது. பப்பூவின் உறவினர் ஒருவர் மாட்டியில் தப்பித்தவர், இரண்டு மணி நேரம் கழுத்தளவு கடல்நீரில் நின்றவர். அதைச் சொல்லும்போது பப்பூ கையில் வைத்திருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அவர் சருகைக் காப்பாற்றுகிறவர்தான். ஆனால் எந்தச் சருகை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை துப்புரவு. வேப்பமரமும் புங்கமரமும் உதிர்த்ததையெல்லாம் உங்களை விட்டுக் கூட்டச் சொல்லி, கிணற்றுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவோம். உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் புகை வாசனை நினைவிருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண், வீசிங் உள்ளவள், ஒருநாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள், "டீச்சர், எரிக்காம மரத்தடியிலேயே விட்டா என்ன?" நான் யோசிக்கவே இல்லை. "பாம்பு வரும். போய் விளக்குமாத்த எடு" என்றேன். சனி ஞாயிறு முழுக்க அவளுக்கு மூச்சிரைத்ததாகத் திங்கட்கிழமை அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் நாம் கொளுத்தினோம். அவளை மட்டும் வகுப்பறைக்குள் உட்கார வைத்தேன், அதுதான் நான் செய்த பெரிய சலுகை.

அவள் பெயரை எழுத மாட்டேன். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள், இதைப் படிப்பாள். அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. நான் அன்று பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்துச் சொல்கிறேன், மரத்தடியிலேயே விட்டிருக்கலாம்.

பாம்பு விஷயம் முழுப் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதிலிருந்து எங்கள் கொல்லையில் வேப்பஞ்சருகை எரிக்கவில்லை. கூட்டி, நறுக்கி, மா மரத்தடியில் நாலு விரல் கனத்துக்குப் போட்டிருக்கிறேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். என் கொழுந்தனார் நேற்று வந்து பார்த்துவிட்டு, "மதினி, ராத்திரி நல்லது கெட்டது ஏதாவது உள்ளே வந்துச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பின்வாசல் படியை ஒட்டி ஆறடிக்கு ஜல்லி கொட்டச் சொல்லியிருக்கிறேன். லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது.